பதின்மூன்று நாள் லீவும் ஒரு ராத்திரித் தூக்கமும்

அமெரிக்காவில் சரக்கு விமானம் ஓட்டும் ஒருவருடைய மாத அட்டவணையைக் கேட்டால் யாருக்கும் முதலில் பொறாமைதான் வரும். 17 நாள் வேலை, 13 நாள் லீவு. ஆபீஸ் போகிற நமக்குச் சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து எட்டு நாள் தேறினால் பெரிய விஷயம். அதிலும் ஒரு சனிக்கிழமையை மேனேஜர் பறித்துக்கொள்வார். "பறக்கிறவனுக்குச் சம்பளமும் ஜாஸ்தி, லீவும் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

போக வேண்டாம், டீ குடித்து முடிக்கும்வரை பொறுங்கள். அந்த 13 நாள் பொய்யில்லை. ஆனால் காலண்டரில் காலியாக இருக்கும் நாள் வேறு, உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வு வேறு. சரக்கு விமானிகளும் வாடகை விமானிகளும் கம்பெனியோடும் அரசாங்கத்தோடும் போடுகிற சண்டைகளில் பாதி, இந்த இரண்டும் ஒன்றல்ல என்று புரியவைக்கும் சண்டைதான்.

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். நாம் டிக்கெட் எடுத்து ஏறும் விமானத்தின் விமானி ஹோட்டல் சமையல்காரர் மாதிரி. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, இரவு பரோட்டா. கூட்டம் கூடலாம் குறையலாம், நேரம் மாறாது. சரக்கு விமானமோ வாடகை விமானமோ ஓட்டுபவர் கல்யாணச் சமையல்காரர். முகூர்த்தம் எங்கே, எத்தனை மணிக்கு என்பது கூப்பிடுகிறவர் கையில் இருக்கிறது. அடுப்பு ஒன்றுதான், கைப்பக்குவம் ஒன்றுதான். தூங்கும் நேரம் மட்டும் வேறு.

இந்த இரண்டாவது கூட்டத்தில் மூன்று வகை உண்டு. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போல ராத்திரியோடு ராத்திரியாகப் பார்சல் கொண்டுபோகிறவர்கள் ஒரு வகை. விமானத்தையும் விமானிகளையும் சேர்த்தே அடுத்த கம்பெனிக்கு வாடகைக்கு விடும் அட்லஸ் ஏர், காலிட்டா ஏர் போன்றவர்கள் இன்னொரு வகை. பணக்காரர்களையும் கம்பெனி அதிகாரிகளையும் சிறிய ஜெட்டில் ஏற்றிக்கொண்டு, போன் வந்தால் கிளம்புகிறவர்கள் மூன்றாவது வகை. மூன்று பேருக்கும் லீவு மூன்று விதம்.

பார்சல்காரர்களிடமிருந்து தொடங்குவோம். 1973 ஏப்ரல் 17 அன்று ஃபெடெக்ஸ் மெம்ஃபிஸ் நகரிலிருந்து 14 சிறிய விமானங்களோடு தொழிலைத் தொடங்கியது. அன்றிரவு 25 ஊர்களுக்குப் போன பார்சல்கள் வெறும் 186. ஆனால் அன்று போட்ட கணக்கு இன்றுவரை மாறவில்லை. எல்லா ஊர் விமானமும் நள்ளிரவை ஒட்டி ஒரே இடத்தில் வந்து இறங்கும். பார்சல்களைப் பிரித்து மாற்றி ஏற்றுவார்கள். விடிவதற்கு முன் எல்லா விமானமும் கிளம்பிவிடும். யுபிஎஸ் இதையே லூயிவில் நகரில் செய்கிறது.

அந்த நடு இரண்டு மூன்று மணி நேரம் விமானிக்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. கண்டெய்னர்கள் உருண்டு இறங்கும், பெல்ட் ஓடும், வேறு கண்டெய்னர்கள் ஏறும். அவர் கட்டடத்துக்குள் போய், இருட்டாக்கிய சிறு அறை ஒன்றில் அலாரம் வைத்துப் படுப்பார். ஷூவைக் கழற்றி, டையைத் தளர்த்தி, தூக்கம் பிடிக்கும் நேரத்தில் அலாரம் அடிக்கும். எழுந்து முகம் கழுவி, மூன்று நான்கு மணிவாக்கில் மறுபடி காக்பிட். சூரியன் முகத்தில் அடிக்கும்போது ஏதோ ஓர் ஊரில் இறங்கி, ஹோட்டலில் திரைச்சீலையை ஒரு பொட்டு வெளிச்சம் வராமல் இழுத்து மூடிப் படுப்பார். வெளியே வராந்தாவில் வேக்குவம் கிளீனர் ஓடும். பக்கத்து அறைக் குழந்தை நீச்சல் குளத்துக்குப் போக அடம் பிடிக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் ஐந்து மணி நேரம் தூங்கினால் அன்று நல்ல தூக்கம்.

இப்படி ஒரு வாரம் ராத்திரி வேலை, அடுத்த வாரம் லீவு என்பது இந்தக் கம்பெனிகளில் பலருக்கு அமையும் முறை. லீவு வாரத்தின் முதல் இரண்டு நாள் உடம்பைப் பகலுக்குத் திருப்புவதிலேயே போகும். பிள்ளைகளோடு ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும்போது, கடைசி நாளில் மறுபடி ராத்திரிக்குத் திரும்ப வேண்டும். நைட் ஷிப்ட் பார்த்த வீட்டுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழு நாள் லீவில் முழுசாகக் கையில் நிற்பது நாலு நாள்.

இரண்டாவது வகைக்கு வருவோம். முதலில் சொன்ன 17க்கு 13 இவர்களுடைய கணக்கு. இதில் உண்மையாகவே ஒரு நல்ல விஷயம் உண்டு. விமானி எந்த ஊரில் குடியிருந்தாலும் அவர் வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து வேலை தொடங்கும் இடம்வரை கம்பெனியே டிக்கெட் போட்டுக் கொடுக்கும். அந்தப் பயணத்தை டெட்ஹெட் என்பார்கள்: சீருடைக்காரர், ஆனால் பயணியாக உட்கார்ந்து வருகிறவர். பல கம்பெனிகளில் இந்தப் பயணமே வேலை நாட்களின் கணக்கில் சேரும். பெரிய பயணிகள் விமானக் கம்பெனிகளில் இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. அங்கே வீட்டிலிருந்து வேலை இடத்துக்கு வந்து சேர்வது விமானியின் பாடு.

அதற்கு விலை அந்த 17 நாள். ஒரு 747 சரக்கு விமானம் சின்சினாட்டியில் ஏற்றி, ஆங்கரேஜில் எண்ணெய் போட்டு, இஞ்சியோனில் இறக்கி, ஹாங்காங்கில் ஏற்றும். அடுத்த வாரம் அதே விமானி லைப்ஸிக்கிலோ லியேஜிலோ இருக்கலாம். நீண்ட பயணங்களில் மூன்று நான்கு விமானிகள் இருப்பார்கள். காக்பிட்டுக்குப் பின்னால், மாடியில், மாறி மாறிப் படுக்க இடம் உண்டு. இருந்தும் பத்தாவது நாளில் உடம்பிடம் மணி கேட்டால் அதற்கே தெரியாது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி முழுக்கப் பறந்து திங்கள் காலை 8 மணிக்கு ஒருவர் இறங்குகிறார். அடுத்த விமானம் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு. நடுவில் 18 மணி நேரம். தாளில் பார்த்தால் தாராளமான ஓய்வு. அவர் காலை 9 மணிக்குப் படுக்கிறார். களைப்பில் உடனே தூங்கி, பகல் வெளிச்சம் உடம்பில் உறைக்க மதியம் 1 மணிக்கு விழித்துவிடுகிறார். சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு இன்னொரு தூக்கம் போட்டால்தான் ராத்திரி தாங்கும். ஆனால் உடம்பு மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகளில் ஒன்று அது; படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். 2 மணிக்கு விமானம் ஏறும்போது அவர் விழித்து 13 மணி நேரம் ஆகிவிட்டது. எட்டு மணி நேரம் பறந்து இறங்கும்போது இடையில் சற்றும் கண்ணயராதிருந்தால் 21 மணி நேரம். எந்த விதியையும் யாரும் மீறவில்லை. அவரும் சோம்பேறியில்லை. 18 மணி நேரம் தவறான 18 மணி நேரமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் நம்ப முடியாத ஒரு பிரிவினை இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளில் விமானியின் ஓய்வை முடிவுசெய்வது, காக்பிட் கதவுக்குப் பின்னால் இருப்பது ஆளா பெட்டியா என்பது.

பின்னால் ஆட்கள் இருந்தால் 2014 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதி. இதை எழுதியவர்கள் தூக்க ஆராய்ச்சியைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். டூட்டி எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்து எவ்வளவு நேரம் நீளலாம் என்பது மாறும். இரண்டு விமானிகள் காலை 7 மணிக்கு மேல் முற்பகலில் தொடங்கினால், ஒன்றிரண்டு முறை பறக்கும் நாளுக்கு 14 மணி நேரம்வரை போகலாம். நள்ளிரவு 12லிருந்து 4 மணிக்குள் தொடங்கினால் 9 மணி நேரம்தான். அதிகாலை 2லிருந்து 6வரை உடம்பு அடித்தளத்தில் இருக்கும் நேரம் என்று விதியே வரையறுத்துச் சொல்கிறது. டூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் இடையூறில்லாமல் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு. எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதற்குள் தொடர்ச்சியாக 30 மணி நேரம் எந்த வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று ராத்திரிக்கு மேல் இழுக்க முடியாது. நடுவில் படுக்கக் குறைந்தது 2 மணி நேரம் கொடுத்தால் ஐந்துவரை போகலாம்.

பின்னால் பெட்டிகள் மட்டும் இருந்தால் பழைய விதி. இரண்டு விமானிகள் 24 மணி நேரத்துக்குள் 8 மணி நேரம் பறக்கலாம். டூட்டி 16 மணி நேரம்வரை நீளலாம். காலை 7 மணிக்குத் தொடங்கினாலும் 16தான், அதிகாலை 1 மணிக்குத் தொடங்கினாலும் 16தான். ஏழு நாளில் ஒருமுறை 24 மணி நேர ஓய்வு. இந்த விதிக்கு ராத்திரி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ராத்திரியில் அதிகம் பறக்கிறவர்களுக்கு ராத்திரியைக் கண்டுகொள்ளாத சட்டம்.

ஒரே கம்பெனி ஒரு நாள் ராணுவ வீரர்களை ஏற்றிச் செல்லும், மறுநாள் சரக்கு. ஒரே விமானி, ஒரே உடம்பு. வீரர்கள் இருந்த நாளில் ஒரு சட்டம், பெட்டி இருக்கும் நாளில் இன்னொரு சட்டம்.

இது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2009 பிப்ரவரி 12 அன்று நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் ஒன்று தரையிறங்கும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் செய்த தவறான கையாளல்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. கூடவே இரண்டு விமானிகளும் எங்கே, எப்படித் தூங்கினார்கள் என்பதும் வெளியே வந்தது. துணை விமானி சியாட்டிலிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். அதில் மெம்ஃபிஸ் வரையிலான பகுதி சரக்கு விமானத்தில் இடம் கேட்டு வந்த பயணம். கேப்டன் விமான நிலையத்தில் விமானிகளின் அறையிலேயே படுத்தவர். களைப்புக்கு இதில் எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல முடியவில்லை. ஆனால் இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. வாஷிங்டனில் கதவு கதவாகத் தட்டினார்கள். 2010 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, களைப்பு ஆராய்ச்சியின் அடிப்படையில் புதிய விதி எழுதச் சொன்னது.

விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2010இல் வெளியிட்ட வரைவில் சரக்கு விமானங்களும் சேர்ந்தே இருந்தன. 2011 டிசம்பரில் இறுதி விதி வந்தபோது அவை இல்லை. விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வரி மட்டும் மிச்சம். காரணம் செலவு-பலன் கணக்கு. பயணிகள் விமானம் விழுந்தால் நூறு உயிர், அதற்கு இத்தனை டாலர் என்று போடுகிறார்கள். சரக்கு விமானம் விழுந்தால் இரண்டு மூன்று உயிர்தான். கூடுதல் விமானிகளை வேலைக்கு எடுக்கும் செலவு அந்தப் பலனைவிடப் பல மடங்கு என்று கணக்கு முடிந்தது. கணக்கு தப்பில்லை, தராசில் வைத்த பொருளைத்தான் பார்க்க வேண்டும். யுபிஎஸ் விமானிகளின் யூனியன் விதி வந்த மறுநாளே வழக்குப் போட்டது. 2016 மார்ச்சில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. விலக்கை நீக்கக் கோரும் மசோதா நாடாளுமன்றத்தில் பலமுறை வந்தது, ஒருமுறையும் தேறவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2013 ஆகஸ்ட் 14 அன்று, விடிவதற்கு முன், யுபிஎஸ் ஏர்பஸ் சரக்கு விமானம் ஒன்று அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவைக் கேட்டபோது, கிளம்புவதற்கு முன் அவர்கள் பேசிக்கொண்டது இதைப் பற்றித்தான்: பயணிகள் விமானிக்கு ஒரு ஓய்வு விதி, நமக்கு ஒரு ஓய்வு விதி என்பது என்ன நியாயம் என்று.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கேப்டனுக்கு ராத்திரி நேரத்தால் களைப்பு இருந்திருக்கலாம் என்று விசாரணை ஆணையம் சொன்னது. துணை விமானியின் களைப்புக்கு அதோடு, ஓய்வு நேரத்தை அவர் சரியாகப் பயன்படுத்தித் தூங்காததையும் காரணமாகச் சொன்னது. களைப்பாக இருக்கிறது என்று சொல்லி விலகிக்கொள்ளும் வழி இருந்தது; அவர் அதை எடுக்கவில்லை. ஆக, சட்டம் தூங்க நேரம் கொடுக்கலாம், தூக்கத்தைக் கொடுக்க முடியாது. அதனால்தான் கொடுக்கிற நேரம் தூக்கம் வருகிற நேரமாக இருக்க வேண்டும் என்று விமானிகள் கேட்கிறார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்றும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1993 ஆகஸ்ட் 18 அன்று குவாண்டனாமோ விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் இறங்கப் போன ஒரு டிசி-8 சரக்கு விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னே விழுந்தது. அதிலிருந்த மூன்று பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். முந்தைய ராத்திரி முழுக்கப் பறந்து, காலையில் டூட்டி முடிந்து ஓய்வுக்குப் போக வேண்டியவர்களை இன்னொரு ட்ரிப் வந்துவிட்டது என்று மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். விபத்து நேரத்தில் டூட்டி தொடங்கி ஏறக்குறைய 18 மணி நேரம். கேப்டன் கண் விழித்து ஒரு நாள் ஆகப் போகிறது. கடைசி நிமிடத்தில் அவர் ஓடுபாதைக்கு அருகே இருக்க வேண்டிய ஒரு விளக்கைத் தேடுவதிலேயே கவனத்தைச் செலுத்திவிட்டார். வேகம் குறைவதைக் கூட இருந்தவர்கள் சொன்னது அவர் மனதில் ஏறவில்லை. அந்த விளக்கு அன்று எரியவே இல்லை. விமானிகளின் களைப்பே விபத்துக்கு மூலகாரணம் என்று அமெரிக்க விசாரணை ஆணையம் சொன்ன முதல் பெரிய விமான விபத்து இது.

அதில் ஒரு சின்ன விவரம் முக்கியம். சரக்கை இறக்கிவிட்டு அட்லாண்டாவுக்குக் காலியாகத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். காலி விமானம் வருமானப் பயணம் இல்லை. எனவே அது சொந்த விமானம் ஓட்டுகிறவருக்கான பொது விதியில் போய்விடும், டூட்டிக் கணக்கில் வராது. புதிய விதி பயணிகள் கம்பெனிகளுக்கு இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. சரக்குக்கும் சிறிய வாடகை ஜெட்டுக்கும் அது இன்னும் திறந்தே கிடக்கிறது. கடைசிப் பயணி இறங்கியதும் விமானியின் களைப்பும் இறங்கிப் போய்விடும் என்று சட்டம் நினைத்துக்கொள்கிறது.

மூன்றாவது வகைக்கு இப்போதுதான் வருகிறோம்: போன் வந்தால் பறக்கிறவர்கள். இவர்களுக்கு விதி வேறு. இரண்டு விமானிகள் இருந்தால் ஒரு நாளில் 10 மணி நேரம் பறக்கலாம். வேலை முடியும் நேரத்திலிருந்து பின்னோக்கி 24 மணி நேரம் எண்ணினால் அதற்குள் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். மிச்சம் 14 மணி நேரம்; அதுதான் டூட்டியின் எல்லை. ஒவ்வொரு மூன்று மாதத்திலும் குறைந்தது 13 முறை முழு 24 மணி நேர ஓய்வு. வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் எந்தக் கிழமை என்று விதி சொல்லவில்லை.

சிக்கல் போனில் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு கம்பெனி சொல்கிறது. விமானி காலை 6 மணிக்கு எழுந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி, நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார். போன் வரவில்லை. ராத்திரி 8 மணிக்குப் போன் வருகிறது. 10 மணிக்குக் கிளம்பி அதிகாலை 4 மணிக்கு இறங்க வேண்டும். கம்பெனி கணக்கில் அவர் பகல் முழுக்க ஓய்வில் இருந்தார்; பறப்பது ஆறே மணி நேரம். அவருடைய கணக்கில் இறங்கும்போது விழித்து 22 மணி நேரம்.

இந்த விஷயத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சட்டப் பிரிவு திரும்பத் திரும்பச் சொல்லிவருவது தெளிவானது. ஓய்வு என்றால் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே அது ஓய்வு என்று விமானிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வேலை சம்பந்தமான எந்தப் பொறுப்பும் அவர் தலையில் இருக்கக் கூடாது. கம்பெனி ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் அது ஓய்வில்லை. நடந்து முடிந்த பிறகு திரும்பிப் பார்த்து, "பத்து மணி நேரம் உன்னைத் தொந்தரவு செய்யவில்லையே, அதுதான் ஓய்வு" என்று பெயர் சூட்ட முடியாது.

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் லீவுப் பிரச்சினை முழுவதையும் இந்த ஒரு விளக்கம் பிடித்துவிடுகிறது. முன்கூட்டியே தெரியாத ஓய்வு, காத்திருப்பு. ராத்திரி பறக்கப் போகிறோம் என்று தெரிந்தவன் பகலில் தூங்கி எழுவான். தெரியாதவன் எதற்குத் தூங்குவான், எதற்கு விழித்திருப்பான்? ஆனால் விளக்கம் தாளில் இருக்கிறது. மூன்று விமானம், ஏழெட்டு விமானி வைத்திருக்கும் கம்பெனியில் முதலாளியிடம் போய் இதை எடுத்துச் சொல்லப்போவது யார்? பறந்த மணிக் கணக்கை ஏற்றிக்கொண்டு பெரிய கம்பெனிக்குப் போக நினைக்கும் இளம் விமானி வாயைத் திறப்பதில்லை.

இதற்குத் தொழிலே கண்டுபிடித்த மாற்று ஒன்று இருக்கிறது. ஒரு ஜெட்டைப் பல பேர் பங்கு போட்டு வாங்கும் முறையை நடத்தும் நெட்ஜெட்ஸ் போன்ற கம்பெனிகளில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவு என்பது பிரபலமான அட்டவணை. வேலை நாளில் எந்த ஊருக்கு என்பது முதல் நாள் ராத்திரிவரை தெரியாமல் இருக்கலாம். ஆனால் எட்டாவது நாள் வீட்டில் இருப்போம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரியும். தங்கை கல்யாணத்துக்கு வருவேனா மாட்டேனா என்று பத்திரிகை அடிக்கும்போதே சொல்ல முடியும். பல விமானிகள் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் காரணம் அந்தத் தேதிதான்.

பெரிய சரக்குக் கம்பெனிகளிலும் உண்மையான பாதுகாப்பு, சட்டத்தைவிட யூனியன் போட்ட ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் ஒப்பந்தங்கள் ராத்திரி டூட்டிக்குச் சட்டத்தைவிடக் கடுமையான எல்லை வைத்திருக்கின்றன. யாருக்கு எந்த ட்ரிப் என்பது சீனியாரிட்டியில் நடக்கும். அடுத்த மாதத்து ட்ரிப்புகளை எல்லாம் தொகுத்து முன்னால் வைப்பார்கள். மூத்தவர் முதலில் தேர்ந்தெடுப்பார், கடைசியில் சேர்ந்தவருக்கு மிச்சம் இருப்பது. எதுவும் மிஞ்சாதவர் ரிசர்வ்: யாராவது உடம்பு சரியில்லை என்றால் ஓட வேண்டியவர். சில ஒப்பந்தங்களில் ஆண்டு விடுமுறையின் ஒரு நாள் ஒரு ட்ரிப்பைத் தொட்டாலே அந்த முழு ட்ரிப்பும் கழன்றுவிடும். இந்த நெளிவு சுளிவு தெரிந்தவர் ஒரு வார விடுமுறையை இரண்டு மூன்று வாரமாக நீட்டிவிடுவார். ஆனால் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பார்சல் குவியும் காலம். ஊரே லீவில் இருக்கும்போது சரக்கு விமானி வேலையில் இருப்பார். பிள்ளையின் கிறிஸ்துமஸ் பல வீடுகளில் ஜனவரியில் வரும்.

நம் ஊரிலும் இதே கேள்வி சமீபத்தில்தான் வெடித்தது. பயணிகள் விமானம் என்றாலும் விஷயம் ஒன்றே. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, ராத்திரி டூட்டியில் தரையிறங்கும் எண்ணிக்கையை 6இலிருந்து 2 ஆகக் குறைத்தது. 2025 நவம்பரில் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் விமானிகள் பற்றாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டியோடு தரையில் படுத்திருந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்த நெருக்கடியில் இயக்குநரகம் திரும்பப் பெற்ற வாசகம் எது தெரியுமா? லீவைக் காட்டி வார ஓய்வைக் கழிக்கக் கூடாது என்பது. விமானி தன் சொந்த வேலைக்காக லீவு எடுத்தால் அதையே வார ஓய்வாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. லீவு வேறு, ஓய்வு வேறு என்று ஒரு விதி தெளிவாகச் சொன்னது. கூட்டம் சேர்ந்ததும் அந்த வரிதான் முதலில் போனது.

விதியைப் பொதுவாக வைத்தால் சரக்குத் தொழில் படுத்துவிடுமா? ஐரோப்பாவைப் பார்க்கலாம். அங்கே பெரிய விமானக் கம்பெனிகளின் டூட்டி நேர விதி, பின்னால் இருப்பது ஆளா பெட்டியா என்று கேட்பதில்லை. லைப்ஸிக்கிலும் லியேஜிலும் ராத்திரிக்கு ராத்திரி சரக்கு விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. செலவு கூடியிருக்கும், அதைப் பார்சல் அனுப்புகிறவர் கொடுத்துக்கொண்டிருப்பார்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பையனோ பெண்ணோ பைலட் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு கம்பெனியின் வேலைக் கடிதத்தோடு வந்து நின்றால், சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அடுத்த மாத அட்டவணை எத்தனை நாள் முன்னால் கைக்கு வரும், வந்த பிறகு அதை மாற்ற யாருக்கு அதிகாரம்? லீவு நாளில் போன் வந்தால் எடுக்காமல் இருக்க உரிமை உண்டா? களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன் என்று சொன்னவருக்கு இதற்கு முன் அந்தக் கம்பெனியில் என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் கம்பெனிக்காரர் சொல்லும் பதிலைவிட, அங்கே இரண்டு வருஷம் பறந்த ஒருவர் சொல்லும் பதில் நம்பகமானது. லீவு எத்தனை நாள் என்பது நாலாவது கேள்வி.